ஷூ இன்னும் இங்கேதான் இருக்கிறது

உயெனோ, டோக்கியோ
பிப்ரவரி 6

தோமி அண்ணிக்கு,

யாசுயோ எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? கூரைப் பனியைத் தள்ள நீங்கள் ஏறாதீர்கள். எதிர்வீட்டு ஹருயே அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். உங்களுக்குப் போனில் காது கேட்காது, அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி கட்டட வேலைக்கு வந்து கடைசியாகத் தங்கியிருந்த ஹோட்டலில்தான் நானும் இருக்கிறேன். கேப்ஸ்யூல் என்று இவர்கள் சொல்வது எனக்கு வாயில் நுழையவில்லை. கூடு என்றே எழுதுகிறேன். சுவரில் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. நான் மேல் வரிசை. ஏணியில் ஏறி, தலையை முதலில் விட்டு, முட்டி போட்டுப் போக வேண்டும். உட்கார்ந்தால் தலை இடிக்காது, நிற்க முடியாது. கால்மாட்டில் கதவு இல்லை, ஒரு திரைதான். பெண்களுக்கு ஏழாவது மாடி. ஆண்களுக்கு நாலும் ஐந்தும். அவர் இருந்தது நாலில்.

நான் வந்தது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். போலீஸ் கொடுத்த பையில் தொப்பி இருந்தது, துண்டு இருந்தது, ஷூ மட்டும் இல்லை. கேட்டு வாங்கி இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று சொன்னேன். முன்மேசையில் இருக்கிற ஹொசாகா-சான், அன்றைக்குத் தூக்கத்திலேயே போயிருந்த அவரைக் கண்டெடுத்தவர், தலையில் அடித்துக்கொண்டார். இங்கே வாசலிலேயே ஷூவைச் சின்ன அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மேசையில் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சாவி அவர்களுக்குப் பின்னாலேயே ஆணியில் தொங்கியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

திறந்தார்கள். இருந்தது அண்ணி. சிமெண்ட் ஒட்டினபடி, கயிறு அவிழ்க்காமல் காலை உருவிக்கொண்ட ஷூ. எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாசுயோ


கமிசாவா, அகிதா
பிப்ரவரி 13

யாசுயோவுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீதான் இருக்கிற இடத்தில் இல்லை. அந்தப் பெட்டிக்குள் உனக்குச் சளி பிடிக்காமல் இருந்தால் சரி.

ஷூ கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் என்ன "இன்னும் கொஞ்ச நாள்"? வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். பெண்டாட்டி எங்கே, அஸ்திக் கலயத்துக்கு ஊதுவத்தி வைக்க நாத்தனார்தானா கிடைத்தாள் என்று. நான் என்ன சொல்ல? டோக்கியோவில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் ஆபீஸும். கேட்டவள் சிரித்தாள்.

பனி இன்னும் விழுகிறது. கல்லறை எது, மேடு எது என்று தெரியவில்லை. குளிர்காலத்தில் போனவர்களுக்கு எப்போதும் போலப் பனி கரைந்த பிறகுதான் அடக்கம் என்று கோயில் பிக்கு சொல்லிவிட்டார். அப்பா அம்மா பக்கத்திலேயே இடம்.

ஒரு விஷயம். அடுப்படியில் சின்னத் தேயிலை டப்பா இருந்ததே, செர்ரிப் பட்டை ஒட்டினது, அதைக் காணோம். நீ எடுத்துக்கொண்டு போனாயா? தேயிலை உறையிலேயே கிடந்து நமுத்துவிட்டது.

சீக்கிரம் வா.

தோமி


உயெனோ
பிப்ரவரி 17

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சளி இல்லை. நீங்கள் வெந்நீரில் கால் வைக்கிறீர்களா?

உங்களிடம் மறைக்கக் கூடாது. நான் அந்த நாலாவது மாடியில், அவர் படுத்திருந்த கூட்டில் ஒரு தடவை படுத்து எழுந்துதான் வருவேன். சிரிக்காமல் படியுங்கள். நாம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் எதைப் பார்ப்போம்? வாசலில் ஷூ இருக்கிறதா என்றுதானே. இருந்தால் ஆள் உள்ளே. அவர் ஷூ உள்ளேயே இருந்தது, அண்ணி. வீட்டில் நாம் செய்த காரியமெல்லாம் சரிதான். ஆனால் எலும்புதான் வீட்டுக்கு வந்தது, அவர் வரவில்லை. இங்கேயே தூங்கிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாக எழுந்ததே கிடையாது. கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக் கூப்பிட்டால்தான் உண்டு. அன்றைக்கு யார் கூப்பிட்டது என்று ஹொசாகா-சானிடம் கேட்டேன். பத்து மணிக்கு எல்லோரும் காலி பண்ண வேண்டும், அவர் வரவில்லை, இவர்தான் போயிருக்கிறார்.

"எப்படிக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"நேரமாயிடுச்சுங்க ஐயான்னு ரெண்டு தடவை."

"ஐயான்னா அவரு எந்திரிக்க மாட்டாரு. அது வேற யாரையோன்னு நினைச்சுக்குவாரு. கட்டைவிரலைப் பிடிச்சு இழுக்கணும்."

"தங்க வர்றவங்க காலைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லைம்மா."

ஒரே ஒரு தடவை மேலே விடச் சொன்னேன். ஆண்கள் மாடியில் பெண் கால் வைக்கக் கூடாதாம். என் சாவிக்கு லிஃப்டே அங்கே நிற்காதாம். இப்போது அதில் யார் படுக்கிறார் என்று கேட்டேன். தினம் ஒருத்தர் என்றார். பிறகு சொல்லியிருக்க வேண்டாமே என்று அவர் முகமே சுருங்கிவிட்டது.

காலையில் பத்துக்கு எங்களையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நாளைக்கும் இங்கேதான் படுப்பேன் என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் புது ஆளைப் போல வர வேண்டும். வாசலில் நின்று லிஃப்டிலிருந்து வருகிற ஆண்களைப் பார்க்கிறேன். இவரா, அவரா, எவர் அவர் மேல் படுத்திருந்தார் என்று. பிறகு ஏரியைச் சுற்றுகிறேன். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஸ்டேஷன் அடியில் நின்றுகொண்டே நூடுல்ஸ் சாப்பிடுகிற கடை ஒன்று, அங்கே கிண்ணம் கழுவ ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். கை வேலை செய்கிற நேரம் மட்டும் நிம்மதி.

ஊதுவத்தி வைப்பதற்கு நன்றி, அண்ணி.

யாசுயோ


கமிசாவா
பிப்ரவரி 24

யாசுயோவுக்கு,

வெந்நீரில் கால் வைக்கிறேன். நீ கிண்ணம் கழுவுகிற கையில் வெடிப்பு வராமல் எண்ணெய் தடவு.

நீ எழுதினதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. தொகுஜி தூங்குமூஞ்சி என்பது எனக்குத் தெரியாதா? அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். பக்கத்து வீடு தீப்பிடித்து ஊரே தண்ணீர் வாளியோடு ஓடின அன்றைக்கு அவன் மட்டும் தூங்கினான். நான்தான் போர்வையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பனியில் போட்டேன். பனியிலும் தூங்கினான். ஆனால் பிக்கு மந்திரம் சொல்லி, செத்தவருக்கு வைக்கிற புதுப் பெயரும் வைத்து, எல்லாம் ஆனது. அதற்கு மேல் நீ என்ன பெரிய பிக்குவா?

புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். அவன் போகும்போது எடுத்துக்கொண்டு போன அதே பீப்பாய். தீர்ந்தால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

டப்பாவைப் பற்றி நீ பதில் எழுதவில்லை.

தோமி


உயெனோ
மார்ச் 3

அண்ணிக்கு,

நீங்கள் சுகமா? நான் சுகம். உங்கள் ஊறுகாய் இங்கே செய்த கூத்தை முதலில் சொல்கிறேன்.

கூட்டுக்குள் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். நான் சாப்பிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். நம் வீட்டுப் பரண் வாசனை. முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன். அதற்குள் கீழ் வரிசையில் ஒருத்தி "புகை, புகை" என்று கத்தினாள். இன்னொருத்தி "எங்கயோ எரியுது" என்றாள். திரையெல்லாம் மேலே போனது. மஞ்சள் பைஜாமாவோடு எல்லோரும் நடையில் நிற்கிறோம். ஹொசாகா-சான் தீயணைக்கிற சிலிண்டரைக் கட்டிக்கொண்டு லிஃப்டில் வந்துவிட்டார். வந்தவர் லிஃப்டை விட்டு இறங்கவில்லை. பெண்கள் மாடியாம்.

"எங்க எரியுது? யாராச்சும் சொல்லுங்க," என்று அங்கிருந்தே கூப்பாடு போடுகிறார்.

பக்கத்துக் கூட்டில் ஓகுமுரா-சான் என்று ஒருத்தி, ஊர் ஊராகப் போய் முகப்பூச்சு விற்பவள், மாதத்தில் பாதி நாள் இங்கேதான். அவள் சொன்னாள், "நாங்க எரிஞ்சு சாம்பலானப்புறம் கதவைத் தட்டிட்டு வாங்க, ஹொசாகா-சான்."

நான் பொட்டலத்தைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே காட்டினேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் இதைத்தான் எனக்கு ஒரு துண்டு குடுத்தாரு," என்றார்.

சாப்பிடுகிற மேசைக்கு எல்லோரும் வந்துவிட்டோம். நறுக்கிக் கொடுத்தேன். அவரும் சாப்பிட்டார். உங்கள் தம்பி ராத்திரி குளித்து வந்து அந்த மேசையில்தான் பால் குடிப்பாராம். "சின்ன வயசுல எங்க ஊர்ல பனியில குடைஞ்சு வீடு கட்டி, உள்ள விளக்கு வச்சு உக்காந்திருப்போம். உங்க ஹோட்டல் அது மாதிரியே இருக்கு, வாடகைதான் வேற," என்று சொல்லுவாராம். என்னிடமும் போனில் அதையே சொன்னார். அன்றைக்கு நான் அடுப்பில் ஏதோ வைத்திருந்தேன், சரி சரி என்று வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில், என் அப்பா மரம் வெட்டப் போன மலையிலேயே செத்தபோது, எரித்து முடித்த பிறகு அம்மா அந்த இடத்துக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஏறிக்கோ என்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்து வந்தாள், பள்ளம், கல், தலையைக் குனி என்று. நான் சின்னவள், பின்னாலேயே வந்தேன். பிக்கு பெரியவர்தான், அண்ணி. நான் அவருக்கு எதிராகச் செய்யவில்லை. கூப்பிட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கைக்கு எண்ணெய் தடவுகிறேன்.

யாசுயோ


கமிசாவா
மார்ச் 8

யாசுயோவுக்கு,

இங்கே கூரையிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. கல்லின் தலை தெரிகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், கால் பரவாயில்லை.

நேற்றுப் பிக்கு வந்தார். நம் பக்கத்தில் கலயத்தோடு வைப்பதில்லை, எலும்பை வெள்ளைத் துணிப் பையில் மாற்றித்தான் கல்லுக்கு அடியில் மண்ணில் விடுவோம், அதற்குத் துணி தைத்து வை என்றார். அளவு பார்க்கக் கலயத்தைத் திறந்தேன்.

மேலே உட்கார்ந்திருக்க வேண்டிய எலும்பைக் காணோம். தொண்டை எலும்பு. சுடுகாட்டில் அந்த ஆள் தட்டில் வைத்துக் காட்டினானே, "நல்லா உக்காந்த புத்தர் மாதிரி வந்திருக்கு, இப்படி முழுசா வர்றது அபூர்வம்," என்று. நீ ஒரு குச்சி, நான் ஒரு குச்சி, இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைக் கடைசியாக எடுத்து வைத்தோம். என் குச்சி வழுக்கினது, உன் குச்சி வழுக்கவில்லை.

டப்பா எங்கே என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

பிக்குவிடம் சொல்லவில்லை. ஹருயேவிடமும் சொல்லவில்லை. துணியை அந்த எலும்புக்கும் சேர்த்தே தைக்கிறேன். பனி கரைவதற்குள் வா. அவனைப் பாதியாக மண்ணில் விட என்னால் முடியாது.

தோமி


உயெனோ
மார்ச் 12

அண்ணிக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது? வழுக்குகிற பாதையில் ஏன் போனீர்கள்?

நீங்கள் என்மேல் கோபப்பட்டிருந்தால் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன். ஓகுமுரா-சான் சுவரைத் தட்டி, "என்ன, பல்லு வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டப்பா என்னிடம்தான் இருக்கிறது. பகலில் மார்போடு, தூங்கும்போது தலைமாட்டில். வருகிறவர் எதில் வந்து உட்காருவார் என்று யோசித்தேன், அண்ணி. உட்கார்ந்த மாதிரியே ஒன்று இருக்கிறதே என்றுதான் எடுத்தேன். நீங்கள் தூங்கினபோது எடுத்தேன். அது தப்பு.

இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. இந்த மாதக் கடைசி வெள்ளி சனியில் ஆடிப் பாடுகிற பையன்கள் கூட்டம் ஒன்று பெரிய அரங்கத்துக்கு வருகிறதாம். அவர்களைப் பார்க்க நாடு முழுக்கப் பெண்பிள்ளைகள் திரண்டு வருவார்களாம். ஓகுமுரா-சான்தான் சொன்னாள்: "வருஷா வருஷம் நடக்கறதுதான். அன்னிக்கு ஊர்ல ஒரு கட்டில் கிடைக்காது. இவங்க ஆம்பளைங்களை வேற கிளைக்குத் தள்ளிட்டு, நாலாவது மாடியையும் பொண்ணுங்களுக்கே விட்டுடுவாங்க. கீழ இருக்கற பெரிய குளியல் தொட்டியும் நமக்குத்தான்."

நான் மேசைக்கு ஓடினேன். ஹொசாகா-சான் தலையைத் தூக்காமல், "சனிக்கிழமை, நாலாவது மாடி, கீழ் வரிசை, கடைசி. யாசுயோ-சான் பேருக்கு எழுதியாச்சு," என்றார். அவர் படுத்திருந்த அதே கூட்டை, நான் கேட்பதற்கு முன்னாலேயே எழுதியிருந்தார்.

பனி அதுவரை தாங்குமா? தாங்க வேண்டும். சனிக்கிழமை படுத்து எழுந்ததும் கிளம்பிவிடுகிறேன்.

யாசுயோ


கமிசாவா
மார்ச் 21

யாசுயோவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் ஹருயேவைப் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்கிறேன். கடிதம் தாமதமானதற்கும் அதுதான் காரணம்.

துணிப்பை தைத்துவிட்டேன். கல் பாதி தெரிகிறது. நிழல் விழுகிற பக்கம் இன்னும் பனி இருக்கிறது. பயப்படாதே, அது அவசரமாகக் கரையாது. நீ போன காரியத்தை முடித்துக்கொண்டே வா. பாதியில் வராதே.

அந்த ஊறுகாய் ஹொசாகாவுக்குப் பிடித்ததா என்று எழுதவில்லையே.

தோமி

இதை எழுதிக்கொடுக்கிற ஹருயே தன் பங்குக்குச் சேர்ப்பது: உறையை ஒட்டி அனுப்பச் சொல்லி அக்கா உள்ளே போய்விட்டார்கள். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் கல்லறைப் பக்கம் பனியை வழித்துத் தள்ளப் போய் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டால், கரையட்டும் என்று தள்ளவில்லை, வெயில் படாமல் கல்லைச் சுற்றிக் குவித்து வைத்தேன் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லக் கூடாது என்று சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.


உயெனோ
மார்ச் 24

அண்ணிக்கு,

கை வலிக்கிறதா? இதையும் ஹருயே அக்காதான் உங்களுக்குப் பிரித்துத் தருவாள், படித்தாலும் படிக்கட்டும், பரவாயில்லை.

கடிதத்தைப் படித்ததும் கடையில் சொல்லிவிட்டு, பையையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அகிதா வண்டிக்குச் சீட்டு வாங்கினேன். மேடையில் நின்றேன். கதவு திறந்தது, எல்லோரும் ஏறினார்கள். நான் ஒரு கால் வைத்தேன். நீங்கள் ஒற்றைக் கையால் அரிசி கழுவுவதை நினைத்தேன். பிறகு நாலாவது மாடியில் அவர் புரண்டு படுப்பதை நினைத்தேன். காலை எடுத்துவிட்டேன். கதவு மூடிக்கொண்டது.

உங்களுக்கு ஒரு கை போன நேரத்தில் செத்தவருக்காக இங்கே நிற்கிறேன். ஊரில் யாராவது ஏதாவது சொன்னால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நீங்கள் பனியைக் குவித்து வைத்தீர்கள், அண்ணி. எனக்காகக் குவித்து வைத்துவிட்டு, பிறகு நான் பாதியில் வந்து நின்றால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

சனிக்கிழமை வரை. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. கனமான எதையும் தூக்காதீர்கள்.

யாசுயோ


உயெனோ
மார்ச் 28, ஞாயிறு காலை

அண்ணிக்கு,

கை எப்படி இருக்கிறது? இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நாலாவது மாடிக்கு லிஃப்ட் நின்றது. நடையெல்லாம் பெண்பிள்ளைகள். கையில் விசிறி, விசிறியில் பையன்கள் முகம். தொண்டை கட்டிப்போய்க் கிசுகிசுவென்று பேசுகிறார்கள். என் பக்கத்துக் கூட்டில் இருந்தவள் நாகோயாவிலிருந்து வந்தவள்.

"அம்மா, உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

நான் புரியாமல், "எங்க வீட்டுக்காரரைத்தான்," என்றேன்.

அந்தக் கூட்டத்தில் யாருக்காவது அப்படி ஒரு பட்டப்பெயர் உண்டா என்று இரண்டு பேர் தேடிப் பார்த்தார்கள்.

பெரிய தொட்டியில் குளித்தேன். அவர் ஏன் இந்த ஹோட்டலை விடவில்லை என்று தெரிந்தது. பிறகு மேசையில் உட்கார்ந்து பால் குடித்தேன். பிறகு கூட்டுக்குள் போனேன்.

என்ன இருக்கும் என்று நினைத்தேனோ, ஒன்றும் இல்லை. என் கூட்டைப் போலவே ஒரு கூடு. வெள்ளைத் துணி, தலையணை, ஒரு விளக்கு. அவர் வாசனை இல்லை. சுவரைத் தடவினேன், வழவழவென்று இருந்தது. டப்பாவைத் திறந்து தலையணையில் வைத்தேன். பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தேன். இத்தனை நாள் இதற்காகவா என்று தோன்றினது. தூங்கிவிட்டேன், அண்ணி. இங்கே வந்ததிலிருந்து நான் நன்றாகத் தூங்கினது நேற்றுத்தான்.

விடிகிற நேரத்துக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. வீட்டில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். வெளியே இறங்கி, கால்மாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு, கட்டைவிரல் இருக்கிற இடத்தைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகத்தான் கூப்பிட நினைத்தேன். வாய் வீட்டுப் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"என்னங்க, எந்திரிங்க. விடிஞ்சிருச்சு. சோறு ஆறுது, எந்திரிங்க."

நம் வீட்டுப் பின்கட்டிலிருந்து கூப்பிட்டால் வயல் வரைக்கும் கேட்கிற குரல், உங்களுக்குத் தெரியும். மேல் வரிசையில் ஒரு திரை மேலே போனது. பிறகு கீழே ஒன்று. பிறகு நடை முழுக்க. கலைந்த தலையோடு ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்க்கிறாள். ஒருத்தி "வந்துட்டேம்மா" என்றாள், பாதித் தூக்கத்தில். இன்னொருத்தி விசிறியைத் தேடினாள். நாகோயாக்காரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குதித்து இறங்கினாள்.

"நல்லவேளை எழுப்பினீங்கம்மா. முதல் வண்டியை விட்டிருப்பேன்."

நான் எல்லோரிடமும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்கள். அத்தனை பேரும் எழுந்த பிறகு அவர் மட்டும் எப்படித் தூங்குவார்? எழுந்துவிட்டார், அண்ணி. டப்பாவை மூடினேன். கனம் கூடினதா என்று கேட்காதீர்கள்.

கீழே வந்து அவர் ஷூவை எடுத்தேன். கயிற்றை அவிழ்த்துத் தளர்த்தினேன். தினமும் வைப்பதுபோல, முனை வாசலைப் பார்க்க இரண்டையும் சேர்த்துத் தரையில் வைத்தேன். ஹொசாகா-சான் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, ஷூவைப் பார்த்து நன்றாகக் குனிந்து, "போயிட்டு வாங்க, தொகுஜி-சான்," என்றார். இந்தத் தடவை ஐயா என்று சொல்லவில்லை.

உடனே கிளம்பத்தான் நினைத்தேன். இந்தப் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஊர் திரும்புவதோடு பள்ளி விடுமுறையும் சேர்ந்ததால் வண்டிகளில் நாலைந்து நாளைக்கு இடமே இல்லை. நின்றுகொண்டு வரலாம், நான் நிற்பேன். அவரை நிற்கவைத்து அவ்வளவு தூரம் கூட்டி வர மாட்டேன். ஏப்ரல் 2 மதியம் ஓமகாரியில் இறங்குகிற வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்திருக்கிறது. வழியில் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

பனி இன்னும் இருக்கிறதா?

யாசுயோ


கமிசாவா
மார்ச் 30

யாசுயோவுக்கு,

இதை நானே இடது கையால் எழுதுகிறேன். ஹருயேவுக்குக் கொடுத்தால் ஊருக்கே படித்துக் காட்டுவாள். கை சுகம். நீங்கள் சுகமாக வந்து சேருங்கள்.

பனி இருக்கிறது. நிழல் பக்கம் கொஞ்சம். போதும்.

ஓமகாரிக்கு ஹருயேவின் வீட்டுக்காரர் வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வெளியே எல்லாம் கரைந்து சேறாக இருக்கிறது. உன் ரப்பர் பூட்ஸை எடுத்துக்கொண்டு வருகிறேன். அவனுடையதையும் கழுவிக் காய வைத்திருக்கிறேன், அதையும் கொண்டு வருகிறேன். அந்த டோக்கியோ ஷூவோடு அவனைச் சேற்றில் இறக்காதே.

தோமி